சின்ன நாடுகளின் கமாண்டோக்களை நமக்கு ஏன் தெரிவதில்லை?

கேள்வியைச் சுருக்கினால் இவ்வளவுதான்: 'உலகின் தலைசிறந்த பத்து கமாண்டோ படைகள்' என்று வரும் எந்தப் பட்டியலை எடுத்தாலும் அமெரிக்காவின் சீல், டெல்டா, பிரிட்டனின் எஸ்.ஏ.எஸ்., ரஷ்யாவின் ஸ்பெட்ஸ்னாஸ் என்று அதே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. டென்மார்க், நார்வே, நியூசிலாந்து, சிங்கப்பூர் மாதிரி நாடுகளின் படைகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அவர்கள் நிஜமாகவே ஒரு படி கீழேதானா, இல்லை இதெல்லாம் அமெரிக்கர்களின் விளம்பரமா? கேட்டவர் ஒரே மூச்சில் கேட்டுவிட்டார், ஆனால் இதில் இரண்டு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஒன்று, பெயர் எப்படி வருகிறது என்பது. இன்னொன்று, யார் உசத்தி என்பது. முதல் கேள்விக்கு உறுதியாகப் பதில் சொல்ல முடியும். இரண்டாவதற்கு வெளியில் இருக்கும் யாராலும் முடியாது, என்னையும் சேர்த்துத்தான்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் கமாண்டோ இல்லை. தரைப்படையின் சிக்னல்ஸில் 24 வருடம் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவன். கமாண்டோக்களுக்கு வயர்லெஸ் செட் கொடுத்து அனுப்பியிருக்கிறேன், அவர்கள் திரும்பி வரும்வரை காதில் ஹெட்போனோடு உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் 1998 கடைசியில் தெற்கு லெபனானுக்குப் போன இந்திய பட்டாலியனோடு நானும் போனேன். ஐ.நா. அமைதிப்படையில் இருபது வருடமாக அங்கிருந்த நார்வே பட்டாலியனின் இடத்தைத்தான் நாம் எடுத்துக்கொண்டோம். இபில் அஸ்-சகி என்ற ஊர். நாங்கள் ஜீப்பில் போனால் தெருப் பையன்கள் ஓடிவந்து நார்வே மொழியில் வணக்கம் சொல்வார்கள். நீலத்தொப்பி போட்டவன் எல்லாம் அவர்களுக்கு நார்வேக்காரன்தான்.

கைமாற்றம் நடந்த நாட்களில் ஒரு நார்வே சார்ஜென்ட் எனக்கு ஆன்டெனா மாஸ்ட் ஒவ்வொன்றையும் காட்டிக் கொடுத்தார். டீ குடிக்கும்போது சும்மா கேட்டேன், உங்கள் ஊரில் கமாண்டோ படை உண்டா என்று. "கொஞ்சம் பேர் இருக்கிறார்கள்" என்றார். சொல்லிவிட்டு உடனே ஜெனரேட்டருக்கு டீசல் எவ்வளவு பிடிக்கும் என்று ஆரம்பித்துவிட்டார். தெரியாததாலா, சொல்லக் கூடாததாலா என்று அப்போது புரியவில்லை. பின்னால் படித்ததை வைத்துப் பார்த்தால் இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 'சின்ன நாடு, அதனால் பெயர் இல்லை' என்று எல்லோரும் சட்டென்று சொல்லும் காரணம் தப்பு. 1976 ஜூலையில் உகாண்டாவின் என்டபி விமான நிலையத்தில் இறங்கி நூறுக்கும் மேற்பட்ட பணயக்கைதிகளை மீட்டது இஸ்ரேல். அன்றைக்கு இஸ்ரேலின் மக்கள்தொகை சுமார் 35 லட்சம். அதே வருடம் டென்மார்க்கில் 50 லட்சம் பேர் இருந்தார்கள். அதாவது உலகத்துக்கே தெரிந்த ஒரு படையின் நாடு, யாருக்கும் தெரியாத ஒரு படையின் நாட்டைவிடச் சின்னது. என்டபி முடிந்து ஒன்றரை வருடத்துக்குள் அதை வைத்து மூன்று படங்கள் வந்துவிட்டன, அதில் இரண்டு அமெரிக்கத் தயாரிப்பு. சொல்ல வேண்டும் என்ற ஆசை அந்த நாட்டுக்கு இருந்தது, கேட்க ஆள் இருந்தார்கள், சொல்வதற்கு ஹாலிவுட் இருந்தது.

இன்னொரு ஜோடியைப் பாருங்கள். 1980 மே 5, லண்டனில் ஈரான் தூதரகம். ஆயுதக் கும்பல் ஒன்று உள்ளே இருந்தவர்களைப் பணயக்கைதிகளாக வைத்திருந்தது. ஆறு நாள் முற்றுகைக்குப் பிறகு கறுப்பு உடை, முகமூடியோடு எஸ்.ஏ.எஸ். ஆட்கள் மாடி பால்கனி வழியாகக் குதித்து உள்ளே போனார்கள். மொத்தம் 17 நிமிடம். அன்று பிரிட்டனில் விடுமுறை நாள். ஸ்னூக்கர் இறுதிப் போட்டி பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதை நடுவில் வெட்டிவிட்டு நேரலையில் இதைக் காட்டினார்கள். எஸ்.ஏ.எஸ். 1941இலேயே தொடங்கிய படை. ஏறக்குறைய நாற்பது வருடம் பொதுஜனத்துக்கு அந்தப் பெயர் அவ்வளவாகத் தெரியாது. அந்த 17 நிமிடத்துக்குப் பிறகு தெரியாதவர் இல்லை. அதற்கு முன்னால் மலாயாக் காட்டிலும் ஓமன் மலையிலும் அவர்கள் பட்ட பாடு இதைவிடப் பெரிது. அங்கே கேமரா இல்லை.

இப்போது சிங்கப்பூர். 1991 மார்ச் 26 இரவு, கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூர் வந்த எஸ்.க்யூ. 117 விமானத்தை நான்கு பாகிஸ்தானியர்கள் கடத்தினார்கள். பாகிஸ்தான் சிறையில் இருக்கும் சிலரை விடுவிக்க வேண்டும், சிட்னிக்குப் போக எரிபொருள் வேண்டும் என்று மிரட்டல். சாங்கி விமான நிலையத்தில் விமானம் நின்றது. இரண்டு பணியாளர்களை விமானத்திலிருந்து கீழே தள்ளிவிட்டார்கள். விடியற்காலையில் கடைசிக் கெடு வைத்து, பயணிகளை ஒவ்வொருவராகக் கொல்லப்போவதாகச் சொன்னபோது கமாண்டோக்கள் உள்ளே நுழைந்தார்கள். முப்பது வினாடி. கடத்தியவர்கள் நான்கு பேரும் செத்தார்கள், பயணிகளில் ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அப்புறம் பார்த்தால் கடத்தியவர்கள் கையில் இருந்தது மடக்குக் கத்தி, லைட்டர், பெரிய சைஸ் மத்தாப்புக் குச்சி. ஆனால் உள்ளே நுழையும்போது அது மத்தாப்பு என்று யாருக்குத் தெரியும்?

தொழில்முறையில் பார்த்தால் இது பாடப்புத்தகத்தில் சேர்க்க வேண்டிய வேலை. லண்டனில் தாக்குதல் நடந்தபோது ஒரு பணயக்கைதியைக் கடத்தல்காரர்கள் சுட்டுக் கொன்றுவிட்டார்கள், என்டபியிலும் பணயக்கைதிகள் சிலர் செத்தார்கள். சாங்கியில் அதுவும் இல்லை. ஆனாலும் அந்தப் படையின் பெயர் யாருக்கும் தெரியாது. காரணம் எளிமையானது: பெயரை அரசே சொல்லவில்லை. 1984இல் தொடங்கிய சிறப்பு நடவடிக்கைப் படை அது. அப்படி ஒன்று இருப்பதையே 1997இல்தான் சிங்கப்பூர் வெளிப்படையாக ஒப்புக்கொண்டது. சம்பவம் நடந்து ஆறு வருடம் கழித்து! அதுவரை 'கமாண்டோக்கள்' என்ற பொதுச்சொல்தான். முகம், பெயர், பேட்டி, சுயசரிதை எதுவும் கிடையாது. கதை சூடாக இருக்கும்போது பாத்திரத்தின் பெயரைச் சொல்லாவிட்டால், ஆறிய பிறகு சொல்லி என்ன பயன்?

சொல்ல விருப்பம் இல்லாததற்கு ரகசியம் மட்டும் காரணம் இல்லை. சில சமயம் வெட்கமும் காரணம். யாரும் பேசாத பக்கம் என்பதால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

1977 மே மாதம் நெதர்லாந்தில் தெற்கு மொலுக்க இளைஞர்கள் (இந்தோனேசியாவின் மொலுக்கத் தீவுகளைப் பூர்வீகமாகக் கொண்டவர்கள்) ஒரு ரயிலைக் கடத்தி டி பண்ட் என்ற ஊருக்கருகே வயல்வெளியில் நிறுத்தினார்கள். கிட்டத்தட்ட மூன்று வாரம் இழுத்தது. ஜூன் 11 விடியற்காலை ஆறு ஸ்டார்ஃபைட்டர் போர் விமானங்கள் ரயிலின் தலைக்கு மேல் தாழப் பறந்தன. குண்டு போட இல்லை, இரைச்சலுக்காக. அந்தச் சத்தத்தில் உள்ளே இருப்பவர்கள் குனிந்து தரையோடு ஒட்டிக்கொள்வார்கள், கடத்தியவர்களும் திகைத்துப்போவார்கள் என்பது கணக்கு. அதே நேரத்தில் வெளியிலிருந்து சரமாரியாகச் சுட்டுக்கொண்டே டச்சு மரைன்கள் ரயிலுக்குள் ஏறினார்கள். ஆறு கடத்தல்காரர்களும் இரண்டு பணயக்கைதிகளும் இறந்தார்கள்.

நான்கு மாதம் கழித்து, 1977 அக்டோபரில், ஜெர்மனியின் ஜி.எஸ்.ஜி.-9 சோமாலியாவின் மொகதிஷுவில் லுஃப்தான்சா விமானத்தை மீட்டது. அது உலகப் புகழ், டச்சு மரைன்கள் யாருக்கும் தெரியாது. ஜெர்மனிக்கு அது தலைநிமிர்ந்த தருணம். 1972 முனிச் ஒலிம்பிக் படுகொலையின் அவமானத்தைத் துடைத்த தருணம். நெதர்லாந்துக்கோ, ரயிலில் செத்த இளைஞர்களின் பெற்றோர் டச்சுக் காலனியப் படையில் வேலை பார்த்து, இந்தோனேசியா விடுதலையான பின் கப்பலில் அழைத்துவரப்பட்டு, முகாம்களில் தங்கவைக்கப்பட்ட மக்கள். சொந்த நாட்டில் சொந்தப் பழைய கணக்கு. ஜெயித்தோம் என்று கொட்டு அடிக்க யாருக்கு மனம் வரும்? செத்தவர்களின் குடும்பங்கள் நாற்பது வருடம் கழித்தும் அரசின் மீது வழக்கு நடத்தின. நீதிமன்றம் அரசுக்குச் சாதகமாகத்தான் தீர்ப்பளித்தது. ஆனால் அதையெல்லாம் வைத்து வீரக்கதை எழுத முடியாது.

பெல்ஜியம் கதையும் இதே மாதிரிதான். 1964 நவம்பர் 24, காங்கோவின் ஸ்டான்லிவில். கிளர்ச்சியாளர்கள் பிடித்து வைத்திருந்த வெளிநாட்டவரை மீட்க சுமார் 350 பெல்ஜியப் பாராகமாண்டோக்கள் ஐந்து அமெரிக்க சி-130 விமானங்களிலிருந்து குதித்தார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வெளியேற்றினார்கள். என்டபிக்குப் பன்னிரண்டு வருடம் முன்னால், அதைவிடப் பெரிய அளவில் நடந்தது. ஆனால் வெள்ளைக்காரர்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள், காங்கோ மக்கள் ஆயிரக்கணக்கில் செத்ததை யார் கேட்டார்கள் என்று ஆப்பிரிக்கா முழுக்கக் கொதித்தது. பழைய எஜமான நாடு அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது, சொல்லவும் இல்லை. என்னைக் கேட்டால் பெல்ஜியம் வாய்மூடி இருந்ததில் தப்பில்லை. ஆனால் அந்த 350 பேரின் தொழில்திறமையும் அந்த மௌனத்தோடு சேர்ந்தே புதைந்துபோனது.

அடுத்த காரணம் எனக்கு நன்றாகத் தெரிந்தது, ஏனென்றால் அது சிக்னல்ஸ்காரன் பார்வையில் தெரிவது. கூட்டுப்படையில் வேலை செய்யும்போது தினமும் சிட்ரெப் போகும், அதாவது நிலவர அறிக்கை. லெபனானில் இதை நான் தினமும் அனுப்பியிருக்கிறேன். கம்பெனியிலிருந்து வரும்போது 'இன்ன நாயக் தலைமையில் இன்ன செக்ஷன்' என்று இருக்கும். பட்டாலியன் அதை 'நமது ரோந்து' என்று மாற்றும். தலைமையகத்தைத் தாண்டும்போது 'ஐ.நா. துருப்புகள்' என்று ஆகிவிடும். பத்திரிகைக்குப் போகும்போது இரண்டு வரி. யாரும் சதி செய்வதில்லை. ஒவ்வொரு படியிலும் இடம் குறைவு, மேலே இருப்பவருக்கு அந்த விவரம் தேவையில்லை, அவ்வளவுதான். கூட்டணியில் யார் பெரியவரோ, கடைசிப் படியில் அவர் பெயர் மட்டும் தங்கும். சண்டைக் காட்சியில் டூப் போட்டவர் பெயர் டைட்டிலில் எந்த மூலையில் வருகிறது என்று நமக்குத் தெரியாதா?

இது ஆப்கானிஸ்தானில் அப்படியே நடந்தது. 2001 அக்டோபர் முதல் 2002 வசந்தம் வரை தெற்கு ஆப்கானிஸ்தானில் 'டாஸ்க் ஃபோர்ஸ் கே-பார்' என்ற கூட்டுச் சிறப்புப் படை இயங்கியது. தலைமை ராபர்ட் ஹார்வர்ட் என்ற அமெரிக்க சீல் அதிகாரி. கீழே டென்மார்க்கின் யேகர் படையும் 'தவளைமனிதர்கள்' என்ற கடற்படை கமாண்டோக்களும், நார்வேயின் இரண்டு பிரிவுகள், கனடாவின் ஜே.டி.எஃப்.-2, நியூசிலாந்து எஸ்.ஏ.எஸ்., ஜெர்மனி, ஆஸ்திரேலியா, துருக்கி. பனி மூடிய மலை உச்சியில் நாள்கணக்கில் ஒளிந்திருந்து கீழே பாதையில் யார் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருக்கும் வேலைக்கு இவர்களை நிறையப் பயன்படுத்தினார்கள். நார்வேக்காரனுக்குப் பனி புதிதா என்ன? ஆனால் அந்த வேலையில் சத்தமே வராது, சத்தம் வந்தால்தான் தோல்வி. செய்தியில் வந்ததெல்லாம் 'அமெரிக்கச் சிறப்புப் படைகள்'.

கனடாவின் விஷயம் வெளியே வந்தது உடுப்பின் நிறத்தால். 2002 ஜனவரியில் ஒரு கனடிய நாளிதழின் முதல் பக்கத்தில் காந்தகார் புகைப்படம் ஒன்று வந்தது. கைதிகளை அழைத்துக்கொண்டு சில வீரர்கள் போகிறார்கள். சுற்றியுள்ள எல்லோரும் மணல் நிற உடுப்பில் இருக்க, இவர்கள் மட்டும் காட்டுக்கேற்ற கரும்பச்சை. அது கனடாவின் உடுப்பு. அதுவரை கனடா கைதிகளைப் பிடித்து அமெரிக்காவிடம் ஒப்படைக்கிறது என்பது நாடாளுமன்றத்துக்கே தெரியாது. பிரதமருக்கும் தன் பாதுகாப்பு அமைச்சர் ஒரு வாரமாக இதைச் சொல்லவில்லை என்று தெரியவந்து பெரிய ரகளை ஆனது. தங்கள் படை கைதிகளைப் பிடிக்கிறது என்பதை நாட்டு மக்கள் தெரிந்துகொண்டதே இப்படி, ஸ்டோரில் பாலைவன உடுப்பு இல்லாததால். போலந்தின் குரோம் படைக்கும் 2003இல் ஈராக்கில் கிட்டத்தட்ட இதேதான். சீல் ஆட்களோடு சேர்ந்து எடுத்த படம் வெளியான பிறகுதான் அவர்கள் அங்கே இருப்பதே ஊருக்குத் தெரிந்தது.

இப்போது டென்மார்க். ரகசியம் காப்பது என்றால் என்ன விலை என்று தெரிய வேண்டுமானால் 2009இல் அங்கே நடந்த கூத்தைப் பார்க்க வேண்டும். யேகர் படையில் இருந்த ஒருவர் தன் ஆப்கானிஸ்தான், ஈராக் அனுபவங்களைப் புத்தகமாக எழுதினார். யேகர் என்றால் வேட்டைக்காரன் என்று அர்த்தம், வடக்கே ஆல்போர் விமானத்தளத்தில் இருக்கும் சின்னப் பிரிவு. புத்தகம் வந்தால் நாட்டின் பாதுகாப்புக்கு ஆபத்து என்று ராணுவம் தடை கேட்டு நீதிமன்றம் போனது. தீர்ப்பு வருவதற்குள் பொலிட்டிகென் என்ற நாளிதழ் முழுப் புத்தகத்தையும் இலவச இணைப்பாக அச்சடித்து வாசகர்களுக்கு விநியோகித்துவிட்டது. ஊர் முழுக்கப் படித்துவிட்ட பிறகு எதைத் தடை செய்வது என்று நீதிமன்றம் கையை விரித்தது.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. 'பாருங்கள், புத்தகம் அரபியில்கூட மொழிபெயர்த்து இணையத்தில் வந்துவிட்டது, எதிரி படிக்கிறான்' என்று பாதுகாப்புத் தரப்பு ஒரு ஆதாரத்தை எடுத்து நீட்டியது. அந்த அரபி உரையைப் பார்த்தவர்கள் சிரித்தார்கள். கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டு எடுத்தது அது. தயாரித்தது எதிரியும் இல்லை, ராணுவத் தலைமையகத்தின் ஐ.டி. பிரிவுத் தலைவர்! 2009 அக்டோபரில் டென்மார்க்கின் தலைமைத் தளபதி பதவி விலகினார், அடுத்த பிப்ரவரியில் பாதுகாப்பு அமைச்சரும் போனார். புத்தகம் விற்றுத் தள்ளியது. அமெரிக்காவில் முன்னாள் சீல் ஆட்கள் எழுதும் புத்தகங்கள் வருடா வருடம் வருகின்றன. 2012இல் பணியில் இருக்கும் சீல் வீரர்களையே நடிக்கவைத்து ஒரு படமும் வந்தது. ஆள் சேர்க்க அது உதவும் என்று அங்கே கணக்குப் போடுகிறார்கள். டென்மார்க்கில் ஒரே ஒரு புத்தகத்துக்கு இரண்டு நாற்காலிகள் காலி.

இந்தப் பதற்றத்தை நான் முழுக்கக் கேலி செய்ய மாட்டேன். அமெரிக்கச் சிறப்பு நடவடிக்கைத் தலைமையகத்தின் கீழ் சுமார் 70,000 பேர் இருக்கிறார்கள். அதில் ஒருவர் முகம் காட்டினால் கடலில் ஒரு துளி. டென்மார்க், நார்வே, நியூசிலாந்து ஒவ்வொன்றிலும் நேரடியாகச் சண்டைக்குப் போகும் ஆட்கள் சில நூறு பேர்கூடத் தேறுவது சந்தேகம். ஊரும் சின்னது, யார் பையன் எங்கே படித்தான் என்று நாலு பேரைக் கேட்டால் தெரிந்துவிடும். வில்லி அபியாட்டாவை எடுத்துக்கொள்ளுங்கள். நியூசிலாந்து எஸ்.ஏ.எஸ். வீரர். 2004இல் ஆப்கானிஸ்தானில் காயம்பட்ட தோழனைக் குண்டு மழைக்கு நடுவே சுமார் 70 மீட்டர் சுமந்து வந்ததற்காக 2007இல் விக்டோரியா கிராஸ் வாங்கினார். நாடே கொண்டாடியது. அதன்பின் அவர் மீண்டும் ஆப்கானிஸ்தான் போனபோது, 2010இல் காபூல் தெருவில் எடுத்த ஒரு புகைப்படத்தில் நியூசிலாந்துக்காரர்கள் உடனே அவரை அடையாளம் கண்டுகொண்டார்கள். படை அங்கே என்ன செய்கிறது என்று பிரதமர் பதில் சொல்ல வேண்டியதாயிற்று. ஒரே ஒரு தெரிந்த முகம் போதும், மொத்தப் படையின் இருப்பிடமும் தெரிந்துவிடும்.

ஆனால் ரகசியத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் நான் பட்டாளத்துக்காரன் என்பதால் பட்டாளத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று ஆகிவிடும். அதே நியூசிலாந்துப் படை 2010இல் பாக்லான் மாகாணத்தில் நடத்திய இரவு நடவடிக்கையில் பொதுமக்கள் செத்தார்கள் என்று 2017இல் இரண்டு பத்திரிகையாளர்கள் எழுதினார்கள். ராணுவம் பல வருடமாக அது ஆதாரமற்றது என்றே சொல்லிவந்தது. 2020இல் அரசு விசாரணை அறிக்கை வந்தபோது, ஒரு குழந்தை இறந்திருக்க வாய்ப்பு அதிகம் என்றும் ராணுவம் சொன்னது தவறான தகவல் என்றும் தெரிந்தது. அதே வருடம் ஆஸ்திரேலியாவின் விசாரணை அறிக்கை இன்னும் மோசம்: 39 பேர் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டதற்கு நம்பத்தகுந்த தகவல் இருப்பதாகச் சொன்னது. பெயர் வராத படையைக் கேள்வி கேட்கவும் ஆள் வராது. வெளியே தெரியாமல் இருப்பது வீரனையும் காக்கும், தப்பு செய்தவனையும் காக்கும்.

இலங்கையிலிருந்து படிப்பவர்களுக்கு இந்தக் கேள்வியே வேறு மாதிரிக் காதில் விழும் என்பதும் எனக்குத் தெரியும். உலகப் பட்டியலில் இலங்கையின் சிறப்பு அதிரடிப்படை வராது. ஆனால் மட்டக்களப்பில் எஸ்.டி.எஃப். என்ற மூன்று எழுத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இலங்கை ராணுவத்தின் 'ஆழ ஊடுருவும் படையணி' என்று வன்னியில் சொன்னால் போதும். பெயர் தெரிவதும் அங்கீகாரமும் ஒன்றில்லை. துப்பாக்கிக்கு எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதைப் பொறுத்தது அது. நான் அங்கே பணியாற்றியவன் இல்லை, இதற்கு மேல் சொல்வது எனக்கு அழகும் இல்லை.

அப்புறம் மொழி, சினிமா. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், நீட்ட வேண்டியதில்லை. டேனிஷ் மொழியில் ஒரு புத்தகம் வந்தால் படிக்க 60 லட்சம் பேர். ஆங்கிலத்தில் வந்தால் சென்னை விமான நிலையக் கடை வரைக்கும் வரும். நமக்குத் தெரிந்த கமாண்டோ கதைகளில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் சொல்லப்பட்டவை, அல்லது ஆங்கிலத்தில் மறுபடி சொல்லப்பட்டவை.

இனி சந்தேகமான பகுதி: அவர்கள் சமமா? 'தேர்வுக்கு வருபவர்களில் பத்தில் ஒன்பது பேர் தேறுவதில்லை' என்று ஏறக்குறைய எல்லாப் படையும் சொல்லிக்கொள்ளும். அதை வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது. யார் வேண்டுமானாலும் விண்ணப்பிக்கலாம் என்றால் தோற்பவர்கள் அதிகம் இருப்பார்கள், முன்கூட்டியே வடிகட்டி அனுப்பினால் குறைவாக இருப்பார்கள். கடினத்துக்கும் அந்த எண்ணுக்கும் நேரடித் தொடர்பு கிடையாது. யூடியூப் பட்டியல் போடுகிறவர்களுக்கு இதைத் தவிர வேறு அளவுகோலும் இல்லை. உள்ளே நடக்கும் பயிற்சியை ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் அந்தப் படைகளுக்குள்ளேயே இருக்கிறார்கள், அவர்கள் வீடியோ போடுவதில்லை.

ஒரு வித்தியாசம் மட்டும் நிச்சயம் உண்டு, அது ஆளில் இல்லை, பின்பலத்தில். மலைக்குள் ஆறு பேரை இறக்க ஹெலிகாப்டர் வேண்டும், மேலே கண்காணிக்க விமானம் வேண்டும், அடிபட்டால் தூக்கிவர இன்னொரு ஹெலிகாப்டர் வேண்டும், இத்தனைக்கும் நடுவே அறுந்துபோகாத செயற்கைக்கோள் தொடர்பு வேண்டும். அமெரிக்கர்களிடம் இதெல்லாம் சொந்தமாக இருக்கிறது, இரவில் தாழப் பறப்பதற்கென்றே தனி ஹெலிகாப்டர் ரெஜிமென்ட் வைத்திருக்கிறார்கள். பெல்ஜியம் 1964லேயே விமானத்துக்கு அமெரிக்காவைத்தான் நம்பியிருந்தது. வண்டி அடுத்தவனுடையது என்றால் எப்போது கிளம்புவது என்பதும் அவன் கையில்தான். அதனால் சின்ன நாட்டுப் படை தனியாகப் போய்ச் செய்யும் பெரிய வேலைகள் குறைவு, அதனால் பேசப்படும் வாய்ப்பும் குறைவு. ஆளுக்கு ஆள் சமமா என்று கேட்டால், சேர்ந்து வேலை செய்தவர்கள் அப்படித்தான் நடத்தினார்கள் என்பதுதான் என்னால் சொல்ல முடிந்த பதில். கே-பாரில் இருந்த அத்தனை நாட்டுப் பிரிவுகளுக்கும் சேர்த்து 2004 டிசம்பரில் அமெரிக்க அதிபரின் யூனிட் பாராட்டு விருது கொடுக்கப்பட்டது. வெளிநாட்டுப் படைகளுக்கு அது சுலபத்தில் கிடைப்பதில்லை.

நார்வேயில் போர்ச் சிலுவை என்பதுதான் மிக உயர்ந்த வீரப் பதக்கம். இரண்டாம் உலகப் போர்க் காலத்துக்குப் பிறகு புதிதாக யாருக்கும் அது இல்லாமலே பல பத்தாண்டுகள் போயின. 2011இல் ஆப்கானிஸ்தானில் செய்ததற்காக மீண்டும் கொடுத்தபோது வாங்கியவர்களில் ஒருவர் ஐரிக் கிறிஸ்டோஃபர்சன், சிறப்புப் படைக்காரர். 2020இல் அவரே நாட்டின் தலைமைத் தளபதி ஆனார். ஊருக்குள் அவர்களுக்கு மதிப்பில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் அதே படையைப் பற்றி உலகச் செய்திகளில் அதிகம் அடிபட்டது எது தெரியுமா? 2014இல் பெண்களுக்கென்று தனியாக ஆரம்பித்த பயிற்சிப் பிரிவு. பதிமூன்று வருடம் ஆப்கானிஸ்தானில் செய்ததெல்லாம் ஒரு பக்கம், வெளிநாட்டுக் கேமராக்கள் வரிசையில் வந்தது அதற்குத்தான்.

பட்டியலில் இல்லையே என்று அந்த ஆட்கள் வருத்தப்படுவார்களா என்றும் கேட்டிருந்தீர்கள். ஒருவரைத்தான் எனக்குத் தெரியும், அவரும் கமாண்டோவா என்று சொல்லவில்லை. கைமாற்றம் முடிந்து கிளம்பும்போது தன் ஷெட்டின் சாவிக்கொத்தை என் கையில் வைத்து, எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று ஒருமுறை சொன்னார். பிறகு அதே வரிசையில் நான் திருப்பிச் சொல்லும்வரை நின்று கேட்டுக்கொண்டுதான் வண்டி ஏறினார்.